கோடு விழுந்த தூக்குவாளி

எங்கள் வீட்டில் பால் வாங்கும் எவர்சில்வர் தூக்குவாளியின் வயிற்றில் ‘வைதே’ என்று இரண்டு எழுத்துகள் அழகாக வெட்டப்பட்டிருக்கும். மூன்றாவது எழுத்து இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு கோடு புறப்பட்டு, சற்றே நெளிந்து, அடிவிளிம்பு வரை இறங்கி நின்றுவிடும். எங்கள் குடும்பத்தில் வைதேகி என்று எவரும் இல்லை. யாரோ ஒரு மணப்பெண்ணின் சீருக்காக வாங்கப்பட்டு, பெயர் பாழானதால் கடையிலிருந்து வீட்டுக்கு வந்துசேர்ந்த பாத்திரம் அது. அந்தக் கோட்டை இழுத்த கை என் சித்தப்பாவுடையது. இழுக்க வைத்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

ஸ்ரீரங்கம் தெற்கு வாசலில் அப்பாவுக்குப் பாத்திரக்கடை. அப்பாவின் தம்பியான சித்தப்பா, வாசலோரம் ஒரு முக்காலியில் அமர்ந்து, விர்ரென்று இரையும் சின்ன மிஷினால் பாத்திரங்களில் பெயர் வெட்டுவார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் பட்டப்பகலில், வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்குத் தூக்கம் வந்துவிடும். தூங்கிக்கொண்டே அவர் வெட்டிய எழுத்துகளை எந்த மொழியிலும் படிக்க முடியாது. அவரை எழுப்புவது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பொதுவான வேலை. அப்பா அதட்டி எழுப்புவார், அம்மா காபியை நீட்டி எழுப்புவாள், பக்கத்துக் கடைக்காரர் “என்ன தம்பி, பள்ளிகொண்டாச்சா?” என்று பெருமாளைச் சேர்த்துக்கொண்டு கேலி செய்து எழுப்புவார். பள்ளிக்கூடம் விட்டதும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கண் சொருகினால் தொடையில் தட்ட வேண்டியது என் முறை.

தட்டுவது எனக்குச் சீக்கிரமே அலுத்துவிட்டது. ஒருநாள், குடத்தைத் தட்டித் தட்டிக் காதில் வைத்துக் கேட்டுவிட்டுப் போன ஒரு மாமியைப் போல, நானும் குடத்தில் காதை வைத்து, முகத்தைச் சுளித்து, “ஜலதோஷம் பிடிச்சிருக்கு” என்றேன். சித்தப்பா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த மறுகணம் அவருடைய தாடை தொங்கியது, தலை மார்பில் சாய்ந்தது, மிஷினைப் பிடித்த கை வாளியின் மேல் வழுக்கிக்கொண்டே இறங்கியது. ஆனால் அவர் தூங்கவில்லை. திறந்திருந்த கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. அரை நிமிடத்தில் நிமிர்ந்துவிட்டார். வாளிக்காக அப்பாவிடம் அவர் வாங்கிய வசவைவிட, என் மனத்தில் தங்கியது அந்தக் கண்டுபிடிப்புதான். சித்தப்பாவைச் சிரிக்க வைத்தால் விழுவார். அதன்பின் அதை ஒரு விளையாட்டாகவே நடத்தினேன். அவரும் ஒரு தற்காப்பைக் கண்டுபிடித்தார். யார் வேடிக்கையாகப் பேசத் தொடங்கினாலும் தோள் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொள்வார். பெரியவர்கள் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள். “எவ்வளவு அடக்கமான பிள்ளை” என்ற பேச்சு பரவி, லால்குடியிலிருந்து ஒரு நல்ல சம்பந்தத்தையே கொண்டுவந்தது.

நிச்சயதார்த்தத்தன்று கூடம் நிறைய ஆட்கள். பெண்ணின் தாய்மாமா மூக்குப்பொடி போடுபவர். ஒரு சிட்டிகை எடுத்து, கண்ணை மூடி, தும்மலுக்காக முகத்தைத் தூக்கிக் காத்திருந்து, தும்மல் வராமல் ஏமாந்து போனார். அவருக்குப் பின்னால் நின்ற நான் அதை அப்படியே செய்து காட்டினேன். பெரியவர்களை வணங்குவதற்காகச் சித்தப்பா அப்போதுதான் எழுந்திருந்தார். நான் செய்தது அவர் கண்ணில் பட்டுவிட்டது. வாயைப் பொத்தத் துண்டு தோளில் இல்லை, இடுப்பில் கட்டியிருந்தது. முழங்கால்கள் மடங்கி, தாம்பூலத் தட்டின் மேல் அவர் சரிந்ததை நான் பார்த்தேன். அந்தத் தாய்மாமா குனிந்து அவர் வாயை முகர்ந்து பார்த்ததையும் பார்த்தேன். குடியோ வலிப்போ, எதுவாக இருந்தாலும் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். அந்தப் பெண் படி இறங்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சித்தப்பா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அதன்பின் அவருக்கு யாரும் பெண் பார்க்கவில்லை. அவர் சிரிப்பதை நான் பார்க்கவுமில்லை. வருடங்கள் போயின, அப்பா போனார், கடை கை மாறியது, சித்தப்பா என் வீட்டு மாடியறைக்கு வந்துசேர்ந்தார். நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வேலையின் கடைசி வருடம் பழைய இதழ்களை அடுக்கும்போது, சிரித்தால் உடல் துவண்டு விழும் ஒரு நோயைப் பற்றிய கட்டுரை கண்ணில் பட்டது. நின்றபடியே படித்தேன், பிறகு உட்கார்ந்து மறுபடியும் படித்தேன்.

தில்லைநகரில் தூக்கக் கோளாறுகளுக்கும் கவனக் குறைபாட்டுக்கும் என்றே ஒரு மருத்துவமனை இருந்தது. காத்திருக்கும் இடத்தில், நாற்காலி விட்டு நாற்காலி தாவிய ஒரு சிறுமியை அவள் அம்மா பெயர் சொல்லி அழைத்துக்கொண்டே இருந்தாள். சித்தப்பா அவளைப் பார்த்தபடியே தூங்கிப்போனார். தலையெங்கும் கம்பிகளை ஒட்டி ஓர் இரவு முழுக்கப் பதிவு செய்தார்கள். மறுநாள் காலையிலிருந்து, இரண்டு மணிக்கு ஒருமுறை, ஐந்து தடவை படுக்கச் சொன்னார்கள். ஐந்து தடவையும் சில நிமிடங்களில் தூங்கிவிட்டார். வாழ்நாளில் முதல்முறையாக, தூங்கியதற்காக அவரை யாரும் திட்டவில்லை.

மருத்துவர் இளம்பெண். “சிரிச்சா கை கால் தளர்ந்து போகுதுங்களா ஐயா?” என்று கேட்டார்.

“நான் சிரிக்கறதில்லீங்க.”

“எப்பலேர்ந்து?”

சித்தப்பா என்னைப் பார்த்தார். “ரொம்ப நாளாச்சுங்க” என்று மட்டும் சொன்னார்.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மூளையில் விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் ஒன்று அவருக்கு இளமையிலேயே குறைந்துவிட்டது. சிரிப்பு வரும்போது தூக்கத்தின் தளர்ச்சி உடலுக்கு மட்டும் வந்துவிடும், நினைவு தெளிவாகவே இருக்கும். அப்படியானால் அன்று தட்டின் மேல் கிடந்தபோது, தன் வாயை ஒருவர் முகர்ந்ததும், கூடத்தில் பேசியதும் எல்லாமே அவருக்குத் தெரிந்திருக்கிறது. இருபது வயதில் வந்திருந்தால் மாத்திரையும் பகலில் இரண்டு குட்டித் தூக்கமுமாக எல்லோரையும் போல வாழ்ந்திருக்கலாம் என்றார் மருத்துவர். ஆறுதலுக்காகத்தான் சொன்னார்.

காவிரிப் பாலத்தில் ஆட்டோ நெரிசலில் நின்றபோது அவரிடம் சொன்னேன். “அன்னிக்கு நான்தான் சித்தப்பா. அந்த மூக்குப்பொடி.”

“தெரியும் பாப்பா” என்றார். ஆற்றில் மணல்தான் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “எல்லாரும் என்னை எழுப்பத்தான் பாத்தாங்க. நீ ஒருத்திதான் சிரிக்க வைக்கப் பாத்தே.”

அவர் என்னை மன்னித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மாத்திரைகள் வேலை செய்தன. பகல் முழுக்க விழித்திருந்தார். விழித்திருந்தவருக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை; ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார். “பகல் இம்புட்டு நீளமா இருக்கும்னு தெரியாமப் போச்சே” என்று ஒருமுறை சொன்னார். இனி பயமில்லாமல் சிரிக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்ததை நம்பி, ஒரு பிற்பகல் அவர் எதிரே நின்று, ஒரு சிட்டிகை எடுத்து, கண்ணை மூடி, முகத்தைத் தூக்கி, வராத தும்மலுக்காகக் காத்திருந்தேன். நரைத்த தலையோடு நான் அதைச் செய்து முடிக்கும்வரை அவர் கவனமாகப் பார்த்தார். கை பழக்கத்தில் துண்டை வாய்க்குக் கொண்டுபோயிற்று. சிறிது நேரம் கழித்து அதை எடுத்தபோது உதடுகள் வைத்தது வைத்தபடியே இருந்தன.

“நல்லாப் பண்றே” என்றார்.

போன ஆடியில் அவர் இறந்துபோனார். அவருடைய புகைப்படங்கள் மூன்று கிடைத்தன. மூன்றிலும் வாயில் துண்டு. தூக்குவாளியை இப்போதும் காலையில் நான்தான் துலக்குகிறேன். வைதேகி என்ற அந்தப் பெண் எங்கேயோ வேறொரு வாளியில் பால் வாங்கிக்கொண்டிருப்பாள். ‘தே’க்குப் பிறகு இறங்கும் கோட்டின் மேல் மட்டும் தேங்காய் நாரைப் போடாமல், விரலால் தேய்த்துக் கழுவுகிறேன். அவர் வாய்விட்டுச் சிரித்தது அந்த இடத்தில்தான்.