ஜெயசீலன் அண்ணனின் இடது கை

விழுப்புரத்தில், அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில் வசந்தா அண்ணியின் அழைப்பு வந்தது. "கிரேஸு, அண்ணன் போயிட்டாரு. சாப்ட்டுட்டு, ஆபீஸ்ல சொல்லிட்டு வா. அவசரப்படாத" என்றார். டப்பாவை மூடிவிட்டேன். திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது அழுகை வரவில்லை, அசதிதான் வந்தது. அவரோடு பாடிப் பாடி ஓய்ந்த மாதங்கள் எல்லாம் மொத்தமாக உடம்பில் இறங்கியது போலிருந்தது.

நம் ஆலயத்துக்கு வருகிறவர்களுக்கு அவர் பியானோ வாசிக்கிற ஜெயசீலன். எனக்கு அதற்கு முன்பே ரயில் சிநேகிதர். இருவருக்கும் விழுப்புரத்தில்தான் வேலை. அவருக்கு ரயில்வே பார்சல் ஆபீசில், எனக்கு நகராட்சியில். திண்டிவனத்திலிருந்து போகும் காலை பாசஞ்சரில், மடியில் வைத்த பையின் மேல் அவருடைய பத்து விரல்களும் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டை வாசித்துக்கொண்டே வரும். எதிர் சீட்டில் இருந்த ஒரு பெண்மணி ஒருநாள், "கை நடுங்குதா சார்?" என்று அக்கறையாகக் கேட்டார். "இல்லம்மா, அது வேலை செஞ்சிக்கினு வருது" என்றார்.

பணி ஓய்வு பெற்ற கையோடு ஆசையாக வீட்டுக்கு ஒரு டிஜிட்டல் பியானோ வாங்கினார். கொஞ்ச நாளிலேயே பக்கவாதம் வந்தது. பேச்சும் நடையும் மெல்லத் திரும்பின. இடது கை மட்டும் திரும்பவில்லை. ஆலயத்தில் பலரும் வந்து பார்த்தார்கள், ஜெபித்தார்கள். இனி வாசிக்க முடியாது என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அந்தப் பியானோவில், வாசிப்பதை அதற்குள்ளேயே பதிவு செய்துகொள்ள வசதி இருந்தது. இடது கை வாசிக்க வேண்டிய பாகத்தை வலது கையாலேயே வாசித்துப் பதிவு செய்தார். பிறகு அதை ஓடவிட்டு, அதன்மேல் வலது கைக்கு உரியதை வாசித்தார். "ஒரே கைக்கு டபுள் டியூட்டி" என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். இடது கைப் பதிவை மட்டும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு ஆலயத்துக்கு வந்தார்; வலது கை அங்கேயே அதன்மேல் வாசிக்கும்.

அந்த முதல் ஞாயிறு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நம் ஜனங்கள் ஒவ்வொரு வரியின் முடிவையும் இழுத்துத்தான் பாடுவார்கள். முன்பெல்லாம் அண்ணனின் கைகள் அதற்குக் காத்திருக்கும். பதிவு காத்திருக்கவில்லை. நாம் மூன்றாம் சரணத்தில் இருக்கும்போதே அது பாட்டை முடித்துவிட்டது. "ரேடியோ வச்சிக்கினு ஆராதனை பண்றதா?" என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னது அவர் காதிலும் விழுந்தது. போதகர் அருகில் வந்து, "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்கண்ணே" என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் என்னைக் கூப்பிட்டார். "மெஷின் மேல தப்பில்ல. ஜனங்க மேலயும் தப்பில்ல. நான் தனியா ஒக்காந்து பதிவு பண்ணிட்டேன். நீ வந்து பாடு. நீ மூச்சு வாங்கற எடத்துல நான் நிக்கறேன்."

அப்படித்தான் அந்தச் சாயங்காலங்கள் தொடங்கின. ரயிலை விட்டு இறங்கி நேராக அவர் வீட்டுக்குப் போவேன். அண்ணி வேகவைத்த மல்லாட்டைக் கடலையைத் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். அண்ணன் இடது கைக்கு உரிய அடிக்குரலை வலது கையால் வாசித்துப் பதிவு செய்ய, நான் பக்கத்தில் நின்று பாடுவேன். அந்த இயந்திரத்தில் நடுவில் திருத்த வழியில்லை. கடைசி வரியில் ஒரு விரல் தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். "இன்னொரு வாட்டி" என்பார், கோபமே இல்லாமல். ஒரு பாட்டில் மட்டும் ஒரு தவறை அப்படியே விட்டுவிட்டார். கேட்டதற்கு, "இருக்கட்டும். ஜனங்க சரியா பாடிடுவாங்க" என்றார்.

போதகர் இன்னொரு முறை இடம் கொடுத்தார். அந்த ஞாயிறு வரிக்கு வரி பதிவும் ஜனங்களும் ஒன்றாக நின்று ஒன்றாகத் தொடங்கினார்கள். யாரும் பாராட்டவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். "யாரும் ஒண்ணும் சொல்லல பாத்தியா? அதான் வேணும்" என்றார் அண்ணன். பக்கவாதம் இரண்டாவது முறை தாக்கும்வரை ஒரு ஞாயிறும் தவறவில்லை.

அடக்க ஆராதனையில் பதிவைப் போடலாமா என்று போதகர் தயங்கியபடி கேட்டார். "போடுங்கய்யா. பாதிதான் இருக்கும். மீதிய நீங்க பாடுங்க" என்றார் அண்ணி. இடது கை மட்டும் ஒலித்தது. மேலே வலது கை இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. இரண்டாம் சரணத்தில் நான் பாடுவதை நிறுத்திவிட்டேன். மற்றவர்கள் பாடினார்கள். அந்தச் சாயங்காலங்களில் நான் மூச்சு வாங்கிய இடங்களில் எல்லாம் பதிவு நின்று நின்று போயிற்று.

பென் டிரைவ் ஆலயத்தில் இருக்கிறது. அது ஆலயத்துக்கு உரியது. எனக்கென்று நான் வைத்துக்கொண்டது ஒரு சாயங்காலத்தை. ரயில் தாமதமாகி, கால் வீங்கி, ஒரே பாட்டை மறுபடி மறுபடி பாடி, "என்னால முடியலண்ணே" என்று நான் சொல்லிவிட்ட சாயங்காலம். அவர் பக்கத்தில் இருந்த நாற்காலியை வலது கையால் எட்டி என் பக்கமாக இழுத்துப் போட்டார்.

"என்னாலயும் முடியல கிரேஸு. ஒக்காந்து பாடு."

உட்கார்ந்து பாடினேன்.