சாவுக்கு அனுப்பாத அழைப்பு

ஈஜோக் ஊரில் விவியன் என்ற பெயர் தெரியாதவர்கள்கூட, "மணி பாக்குற பிள்ளை" என்றால் வீட்டைக் காட்டிவிடுவார்கள். முப்பத்தொன்பது வயதுக்காரியைப் பிள்ளை என்பது ஊர் வழக்கம். லண்டன் கம்பெனி ஒன்றின் பெரிய தலைகளுக்கு, வீட்டிலிருந்தபடியே கணினியில் கூட்டங்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது அவள் வேலை. ஒருவர் லண்டனில், ஒருவர் டொரண்டோவில், இன்னொருவர் சிட்னியில். மூன்று பேரும் விழித்திருக்கும் ஒரு மணி நேரத்தைப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அது பற்றாதென்று, வருடத்துக்கு இரண்டு தடவை அந்த நாடுகளில் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தள்ளி வைப்பார்கள். அந்தக் கூத்தையும் இங்கிருந்தே அவள்தான் சமாளிக்க வேண்டும். பதினோரு வருடத்தில் ஒரு கூட்டம்கூடத் தவறியதில்லை. அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, உழைத்து வந்த கர்வம்தானே.

அக்டோபர் மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளுடைய அப்பா மத்தியாஸ் இறந்துபோனார். தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்ந்தவர். அந்த நேரம் அவள் கணினி முன்னால் இருந்தாள். ஞாயிறு அதிகாலை லண்டனில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகப்போகிறது என்று, அடுத்த வாரக் கூட்டங்களை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருந்தாள். நாற்பத்தொன்று முடிந்திருந்தது. அப்போதுதான் அம்மா மவுரீன் அறையிலிருந்து கூப்பிட்டார்.

அடக்கம் ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. மூன்று மணிக்குப் பெட்டியை மூடுவார்கள். தம்பி ஜோனாஸ் அயர்லாந்தில், முதியோர் இல்லம் ஒன்றில் இரவு வேலை பார்க்கிறான். வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தான். இப்போது கிளம்பி வந்தால் திரும்பிப் போக முடியாது. மூடுவதற்கு முன்னால் அப்பா முகத்தைப் போனிலாவது பார்த்துவிடுவது, அது ஒன்றுதான் அவனுக்கு மிச்சம்.

விவியன் பழக்கதோஷத்தில் கணினியைத் திறந்தாள். 'அப்பா அடக்கம்' என்று அடித்தாள், மூன்று மணி என்று போட்டாள், தம்பியின் மின்னஞ்சலைச் சேர்த்தாள். அனுப்பினால் போதும், ஞாயிற்றுக்கிழமைக்கு அங்கே எத்தனை மணி என்று அதுவே சரியாகக் காட்டிவிடும். 'அழைப்பு அனுப்பவா?' என்று கேட்டது திரை. அவள் கை அப்படியே நின்றது. கல்யாணத்துக்கு அழைப்பு வைப்பார்கள். சாவுக்கு யார் அழைப்பு வைக்கிறார்கள்? சொல்லி விடுவார்கள், காதில் விழுந்தவர்கள் வருவார்கள். அதுவும் பெற்ற மகனிடம் 'வருவேன், வரமாட்டேன், ஒருவேளை' என்று மூன்று கட்டம் போட்டுக் கேட்பதா? சீ என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"ஞாயித்துக்கெழம இங்க மூணு மணிக்கு மூடுறாங்க தம்பி. ஏழு மணி நேரம் கழிச்சிக்க."

"அப்ப எட்டு."

"ஆமா, காலைல எட்டு."

"சரிக்கா. ஏழரைக்கு ஷிப்ட் முடிஞ்சிரும். அதுவரைக்கும் போன் லாக்கர்லதான் இருக்கும். எட்டுன்னா ஓகே லா."

வெள்ளிக்கிழமைக்கு ஏழு சரி. லண்டனைப் போலவே அயர்லாந்திலும் ஞாயிறன்று கடிகாரம் பின்னால் போகிறது, அன்றைக்கு எட்டு கழிக்க வேண்டும். ஊரார் கூட்டத்துக்கெல்லாம் நாற்பத்தொரு தடவை அதைத் திருத்தியவள், தன் வீட்டுச் சாவுக்குப் பழைய கணக்கைச் சொன்னாள். அழுதுகொண்டிருந்தாள், அவ்வளவுதான் காரணம்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தம்பியைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆறு தடவை கூப்பிட்டுவிட்டாள். சித்தப்பா கிறிஸ்டியன் பெட்டி மூடியைப் பிடித்தபடி அவளைப் பார்த்தார். கூட்டத்தில் யாரோ ஒரு அம்மா, "விவியன் வெள்ளக்காரனுக்கே மணி சொல்றவ. தம்பி டாண்ணு வந்துருவான்" என்றார்.

அந்தப் பேச்சில்தான் அவளுக்கு உறைத்தது. அங்கே இப்போது ஏழு. எட்டாக இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.

அடக்கம் நடத்த வந்த போதகர் நல்ல மனிதர். சாயங்கால ஜெபத்துக்குச் சுங்கை ஆயர் தாவார் ஊருக்குப் போக வேண்டியவர்தான், ஆனாலும் கேட்டிருந்தால் காத்திருப்பார். எல்லாரும் காத்திருப்பார்கள். 'நான் தப்பா சொல்லிட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அத்தனை பேர் முன்னால் அந்த வார்த்தை அவள் வாயில் வரவில்லை. பாவி, அந்த நேரத்திலும் அவளுக்குத் தன் பெயர் பெரிதாகப் போய்விட்டது.

"என்னாம்மா, வரலியா அவன்?" என்று அம்மா கேட்டார்.

"எடுக்க மாட்டேங்கிறாம்மா. மூடச் சொல்லுங்க."

சரியாக நான்கு மணிக்குப் போன் அடித்தது. அப்போது அவர்கள் கல்லறைத் தோட்டத்தில் மண்ணைச் சமப்படுத்தி முடித்திருந்தார்கள். திரையில் ஜோனாஸ், தலைவாரி, வெள்ளைச் சட்டை போட்டு, அப்போதுதான் போனை வெளியே எடுத்தவனாய் லாக்கர்களுக்கு முன்னால் நின்றான்.

"அப்பாவக் காட்டுக்கா."

அவள் தோளுக்குப் பின்னால் சிலுவைகள் தெரிந்தன. அவன் அவற்றைப் பார்த்தான்.

"மணி மாத்திட்டாங்க இல்ல? ராத்திரி ஷிப்ட்டே ஒரு மணி நேரம் கூட ஓடுச்சுக்கா. அப்பயாவது எனக்குத் தோணிருக்கணும்," என்றான். "இங்கயே இருக்கறவன் நானு. மூணு மணின்னு நீ சரியாத்தான் சொன்ன. நான் லீவு போட்டு உக்காந்திருக்கணும். எல்லாரும் எனக்காக நின்னீங்களா? மன்னிச்சிடுக்கா."

சித்தப்பா பக்கத்தில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பரவால்ல தம்பி, விடு" என்று விவியன் அவனை மன்னித்தாள்.