என் தம்பி கடைசியாக மொண்ட தண்ணீர்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். மூத்தவள் நான் இருக்க, ஆறு வயது இளைய என் தம்பிக்கு நான் உட்கார்ந்து நினைவுக் கட்டுரை எழுதுகிறேன். முறைப்படி இது எனக்காக அவன் எழுத வேண்டியது. ஓராண்டு ஓடிவிட்டது என்கிறார்கள். எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமையே இன்னும் முடியவில்லை. அச்சகத்தில் ‘அவர்’ என்று போடச் சொன்னார்கள். இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளையை அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தம்பி பிறந்தது பரளச்சிக்குப் பக்கத்தில் ஒரு மானாவாரிக் கிராமம். அப்பாவும் அம்மாவும் கூலி வேலைக்குப் போனவர்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் கம்பங்கூழுக்கே திண்டாடினாலும் எங்கள் இருவரின் படிப்பை நிறுத்தவில்லை. தம்பி பத்தாவது முடித்து, கண்டக்டர் லைசென்ஸ் எடுத்து, எண்பதுகளின் நடுவில் பஸ் வேலைக்குச் சேர்ந்தான். அருப்புக்கோட்டையில் புறப்பட்டு, திருச்சுழி, பரளச்சி வழியாகக் கடற்கரை ஊர் ஒன்றில் போய் நிற்கும் பஸ். வேலைக்குச் சேர்ந்த அன்றுதான் அவன் முதன்முதலாகக் கடலைப் பார்த்தான். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். “என்னலே ஆச்சு?” என்று கேட்டேன். “இவ்வளவு தண்ணி இருக்குக்கா. யாருமே சொல்லல பாரு” என்றான்.

கடற்கரையில் பஸ் அரை மணி நேரம் நிற்கும். வேலைக்குச் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு நாள், வலையில் சிக்கிய கல்லில் ஒட்டியிருந்த ஓர் உயிரை மீனவர்கள் தூக்கி எறிந்தபோது, தம்பி அதைச் சோற்று வாளியில் போட்டு எடுத்து வந்தான். கடல் சாமந்தி என்று பெயர் சொன்னான். பூ மாதிரி இருக்கும், பூ இல்லை. விரல் விரலாக ஆடும். அந்த விரல் பட்டால் சின்ன மீன்கள் சுருண்டுவிடும். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீனை மட்டும் அது ஒன்றும் செய்யாமல் தனக்குள் குடிவைத்துக்கொள்ளும். முதல் சாமந்தி பரளச்சி வருவதற்குள்ளேயே செத்துவிட்டது. அடுத்த இரண்டும் வீட்டுக்கு வந்து செத்தன. வேறு ஆளாக இருந்தால் விட்டிருப்பான். தம்பிக்குப் பிடிவாதம் அப்பாவிடமிருந்து வந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு குடிவந்த திருச்சுழி வீட்டில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி வைத்தான். சாமந்திக்கு வெளிச்சம் வேண்டும் என்று கூரையில் நான்கு ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு பதித்தான். நம் ஊர் வெயிலில் தண்ணீர் சூடேறிவிடும் என்று தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்குக் கட்டினான். கரண்டு போனால் காற்று விடும் மோட்டார் நின்றுவிடும்; அவனும் அவன் மனைவியும் மாறி மாறிச் சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றுவார்கள். நான்காவது சாமந்தி பிழைத்தது. கோமாளி மீன் ஜோடி ஒன்றும் அதில் குடியேறியது. ஏழு ஆண்டுகள், நம் கரிசல் வெயிலில், கடலின் உயிர் ஒன்று அந்த வீட்டில் இருந்தது.

உண்மையை எழுத வேண்டும். நான் அதற்குப் பரம விரோதி. குடிதண்ணீருக்கு நாங்கள் குடத்தோடு வரிசையில் நிற்க, இவன் பஸ்ஸின் கடைசி சீட்டுக்கு அடியில் வெள்ளைக் கேன்களில் உப்புத் தண்ணீர் சுமந்துகொண்டு வந்து இறங்குவான். ஊரே சிரித்தது.

“ஊரே நல்ல தண்ணிக்கு அலையுது, நீ உப்புத் தண்ணிக்கு டிக்கெட்டு போடுறியாலே?”

“யாருக்கும் வேண்டாத தண்ணியத்தானக்கா எடுத்துட்டு வாரேன்.”

அதோடு விட்டானா? தொட்டியில் தண்ணீர் வற்றினால், அண்டாவில் பிடித்துவைத்த மழைத்தண்ணீரைத் தினம் இரண்டு சொம்பு ஊற்றுவான். கடல் மீனுக்கு எதற்கு நல்ல தண்ணீர் என்று அதற்கும் சண்டை போட்டேன். “வெயிலு தூக்கிட்டுப் போறது தண்ணிய மட்டுந்தாங்கா. உப்பு இங்கனயேதான் கெடக்கு. மேல மேல உப்ப ஊத்துனா அது தாங்குமா?” என்றான். அந்த இரண்டு சொம்பைத் தன் குளியலில் குறைத்துக்கொண்டான். அவனோடு வாதாடி நான் ஜெயித்ததே இல்லை.

சென்ற ஆண்டு அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் உளுந்து ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன். தம்பியோடு ஓடும் பஸ்ஸின் டிரைவர் என் வாசலில் வந்து நின்றார். அந்த நேரத்தில் அவர் கடற்கரையில் இருக்க வேண்டும். பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் “டீ போடட்டுமா?” என்று கேட்டேன். அப்படி ஏன் கேட்டேன் என்று இன்று வரை தெரியவில்லை. கேன் நிரப்பப் போனவன் முழங்கால் தண்ணீரிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே போய்விட்டான். நாற்பது வயது. காய்ச்சல் தலைவலி என்று ஒரு நாள் படுத்தவன் இல்லை.

தம்பியைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. யாரோ போல நின்று வேலை ஏவிக்கொண்டிருந்தேன். எடுத்துக்கொண்டு போனதும் வீட்டைக் கழுவிவிட வேண்டும், சாவு விழுந்த வீட்டில் பிடித்துவைத்த தண்ணீர் இருக்கக்கூடாது என்பது நம் வழக்கம். “ஒரு பொட்டுத் தண்ணி மிஞ்சக் கூடாது, எல்லாத்தையும் கொட்டுங்க” என்றேன். குடங்கள், அண்டா எல்லாம் கவிழ்ந்தன. பின்கட்டில் ஆறு வெள்ளைக் கேன்கள் இருந்தன. அவற்றின் மூடியைத் திறந்து கவிழ்த்தது இந்தக் கைதான். காலை நனைத்து ஓடியது என்ன தண்ணீர் என்று எனக்கு உறைக்கவில்லை. தொட்டியிலும் கை வைக்கப் போனோம். அதுவரை பேச்சுமூச்சில்லாமல் கிடந்த தம்பி மனைவி எழுந்து வந்து தொட்டிமேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

“இது வேண்டாம் மதினி” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நான்காம் நாள் ஒரு கோமாளி மீன் செத்து மிதந்தது. தண்ணீர் கலங்கி நாறியது. சாமந்தி விரல்களையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு, பிசைந்து வைத்த மாவு உருண்டையாகக் கல்லில் ஒட்டிக் கிடந்தது. “கலங்குனா பாதியை எடுத்துட்டுப் புதுசா ஊத்துவாக மதினி. பின்கட்டுல கேனு இருக்கும், எடுத்தாறேன்” என்று தம்பி மனைவி எழுந்தாள். அப்போதுதான் எனக்குத் தலையில் இடி இறங்கியது. “கேனு இல்லம்மா. நான் கொட்டிட்டேன்” என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தம்பி ஏழு ஆண்டுகள் கண்ணாகக் காத்ததை நான் ஒரே மதியத்தில் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் டிரைவர் வந்தார். கையில் ஒரு வெள்ளைக் கேன்.

“அன்னைக்கி அவரு கையில இருந்த கேனு, அக்கா. தூக்குற அவசரத்துல பாதி சிந்திருச்சு. மிச்சத்தக் கொட்ட மனசு வரல. பஸ்ஸுலயே வச்சிருந்தேன். கடேசியா அவரு மோந்த தண்ணி.”

தம்பி மனைவி நாறிய தண்ணீரைச் சொம்பால் மொண்டு வெளியே ஊற்றினாள். அந்த அரைக் கேனைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டாள். மாலையில் டிரைவர் இன்னும் நான்கு கேன் கொண்டுவந்து இறக்கினார். இரண்டு நாள் ஒரு மாற்றமும் இல்லை. மூன்றாம் நாள் கண்ணாடி ஓட்டு வழியாக வெயில் இறங்கியபோது ஒரு விரல் நீண்டது. பிறகு இன்னொன்று. மூலையில் ஒண்டியிருந்த ஒற்றை மீன் மெதுவாக வந்து உள்ளே புகுந்துகொண்டது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. என் தம்பி செத்துவிட்டான் என்று அன்றுதான் அழுதேன்.

இப்போது வாரம் ஒரு முறை அதே பஸ்ஸில் நான்தான் கேன்களோடு போகிறேன். கடலில் அவன் நெஞ்சைப் பிடித்து உட்கார்ந்த இடத்தில் நின்று மொண்டு வருகிறேன். ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது, சிரிக்கட்டும்.

தம்பியை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைந்த மீனவ மக்களுக்கும், அன்று முதல் இன்று வரை உடன் நிற்கும் டிரைவருக்கும், அடுப்பு மூட்டாத நாட்களில் சோறு கொண்டுவந்த தெருவாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தொட்டியின் முன்னால் நின்ற தம்பி மனைவிக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதி இல்லை, மன்னிப்புத்தான் கேட்கிறேன்.

கடைசியாக ஒன்று. நான் அவனுக்கு மூத்தவள். நாளை எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் வழக்கப்படி எல்லாத் தண்ணீரையும் கொட்டிவிடுங்கள். தம்பி வீட்டுப் பின்கட்டில் இருக்கும் வெள்ளைக் கேன்களை மட்டும் யாரும் தொட வேண்டாம்.