குணாவுக்கு எங்கள் ஆற்றைக் காட்டினேன்

திருநெல்வேலிக்காரனோடு மூன்று வருடம் ஒரே விடுதி அறையில் தங்கியவனுக்கு என்ன கதி ஏற்படுமோ அதுதான் குணாவுக்கும் ஏற்பட்டது. தினமும் தாமிரபரணியைப் பற்றிக் கேட்டுக் கேட்டு அவன் காது புளித்துப்போனது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் வரை எங்கள் ஆறு தமிழ்நாட்டை விட்டு வெளியே கால் வைக்காது என்று நான் சொல்லாத நாள் கிடையாது. படிப்பு முடிந்து பதினான்கு வருடம் கழித்து, போன ஆனி மாதக் கடைசியில் போன் செய்தான்.

"ஆடியில ரெண்டு நாள் லீவு போடுறேன். உன் ஆத்தைக் காட்டுடா, பாக்கலாம்."

குணசேகரன் தர்மபுரிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர். பிறவியிலேயே அவனுக்குப் பார்வை இல்லை. 'பாக்கலாம்' என்று அவன் சொல்வதில் எங்கள் இருவருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை. புதிதாகப் பழகுகிறவர்கள்தான் நெளிவார்கள்.

ஒரு வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு நெல்லை சந்திப்பில் அவனும் நானும் வேறு வேறு ரயில்களில் வந்து இறங்கினோம். நான் தாம்பரத்திலிருந்து, அவன் தர்மபுரியிலிருந்து. பாளையங்கோட்டையில் இருக்கும் அக்கா வீட்டில் குளித்து, இடியாப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குப் பாபநாசம் பேருந்தில் ஏறினோம். (தேங்காய்ப் பாலில் செய்த குழம்புக்கு ஏன் இவ்வளவு அலட்டல் என்று கேட்பவர்கள் ஒரு முறை சாப்பிட்டுவிட்டுப் பேசவும். குணா நான்காவது முறை கேட்டு வாங்கினான்.)

பாபநாசம் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். பேருந்தில் இரண்டு மணி நேரம் ஆகும். எனக்கு டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய், குணாவுக்குச் சலுகைக் கட்டணம். சேரன்மகாதேவி தாண்டியதும் ஜன்னல் வழியே வரும் காற்று மாறிவிடும். கார் பருவ நடவு முடிந்த வயல்கள், வாழைத் தோட்டங்கள், நடுநடுவே வாய்க்கால். "ஈர மண்ணு வாசனை வருது, ஆனா மழை பெய்யலையே?" என்றான் குணா. "அதுதான்டா எங்க ஊரு" என்றேன். மேற்கே மலை முழுவதும் மேகத்துக்குள் இருந்தது. அம்பாசமுத்திரம் வந்தபோது சாரல் எங்கள் மேலேயே விழுந்தது.

பாபநாசம் கோயிலுக்கு எதிரே படித்துறை. அங்கே பொரி வாங்கி மீனுக்குப் போடுவது வழக்கம். குணா கடைசிப் படியில் உட்கார்ந்து கையை நீருக்குள் விட்டு உள்ளங்கையை விரித்தான். பெரிய பெரிய மீன்கள். ஒரு நொடியில் கையை மொய்த்துவிட்டன. அவன் வீறிட்டதில் பக்கத்தில் திதி கொடுத்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். மூன்று பொட்டலம் பொரி தீரும் வரை அவன் எழுந்திருக்கவில்லை.

அங்கிருந்து அகத்தியர் அருவி மேலே நாலு கிலோமீட்டர். சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக், சோப்பு, ஷாம்பு எதற்கும் அனுமதி இல்லை. போக வர, காத்திருக்க என்று ஆட்டோவுக்கு நானூறு ரூபாய் பேசினோம். ஆட்டோவை விட்டு இறங்கும்போதே அருவிச் சத்தம் நெஞ்சில் வந்து மோதும். குணா நின்றுவிட்டான். சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அருவி முகப்புக்குப் போனோம். அங்கே நின்ற காவலர் குணாவின் கைத்தடியைப் பார்த்ததும் கையை நீட்டி மறித்தார்.

"வேண்டாம் சார். பாறை வழுக்குது, கூட்டம் வேற. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும்."

"கம்பி இருக்குல்ல? நான் பிடிச்சிக்கிட்டு வர்றேன்" என்றான் குணா.

"அதெல்லாம் சரிப்படாது சார். நீங்க இங்கன உக்காந்து பைகளப் பாத்துக்கிடுங்க. உங்க சேக்காளி போயி குளிச்சிட்டு வரட்டும்."

குணா சிரித்தான். "பாத்துக்கிற வேலையை எனக்கே குடுக்கறாரு பாரு" என்றான் என்னிடம். ஆனால் அந்தச் சிரிப்பு அவன் முகத்தில் நிற்கவில்லை. திரும்பி நடக்கும்போது மெதுவாகச் சொன்னான். அவன் வீட்டிலிருந்து ஒகேனக்கல் ஒரு மணி நேரப் பயணம். சின்ன வயதிலிருந்து சொந்தக்காரர்களோடு எத்தனையோ முறை போயிருக்கிறான். ஒவ்வொரு முறையும் எல்லாருடைய துணிக்கும் காவலாகப் பாறை மேல் உட்கார்ந்திருந்தது மட்டும்தான் அவனுடைய ஒகேனக்கல். பள்ளியில் பிள்ளைகள் "அருவியில குளிச்சிருக்கீங்களா சார்?" என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவானாம்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. காவலர் மேல் கோபம் வரவில்லை, அவர் பயத்தில் நியாயம் இருந்தது. ஆனால் பதினேழு வருடப் பெருமைப் பேச்சு அந்த இடத்தில் என்னைப் பார்த்துப் பல்லிளித்தது. எங்கள் ஊருக்கு வரவழைத்து, எங்கள் அருவிக்கு முன்னாலும் இவனை உட்கார்த்திதான் வைக்கப்போகிறேனா? திரும்பப் போய்க் காவலரிடம் கெஞ்சினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அப்போது முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்து குளித்துக்கொண்டிருந்தார்கள். நடவு முடித்த கையோடு கிளம்பி வந்தவர்கள். அவர்களில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், மற்றவர்கள் பேச்சியக்கா என்று கூப்பிட்டார்கள், தலையில் துண்டைச் சுற்றியபடி எங்களிடம் வந்தார்.

"என்னய்யா, அவுகள ஏன் நிப்பாட்டி வச்சிருக்கீரு?"

"கண்ணு தெரியாதும்மா அவருக்கு. உள்ள விட முடியாது."

"நல்லாருக்கே கத! அருவிக்குள்ள போயி நாங்க என்ன கண்ணத் தொறந்துக்கிட்டா நிக்கோம்? எல்லாரும் இறுக்க மூடிக்கிட்டுத்தான நிக்கோம்! நீரு குளிச்சா முழிச்சிக்கிட்டா நிப்பீரு?"

சுற்றி நின்றவர்கள் ஓவென்று சிரித்தார்கள். காவலருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு அருவியைப் பார்த்தார், குணாவைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"சரி, வாங்க. நானே கூட வாரேன்."

அவர் கையைப் பிடித்து இழுக்கப்போக, குணா தடுத்தான். "இழுக்காதீங்க. உங்க முழங்கையை நான் பிடிச்சிக்கறேன். நீங்க எனக்குக் கொஞ்சம் முன்னாடி நடந்தாப் போதும்." அப்படியே நடந்தார்கள். ஆண்கள் பக்கம் கூட்டம் தானாக விலகியது. "பைய, பைய" என்று நாலைந்து குரல்கள். ஈரத்தலையோடு நின்ற ஒருவர், "இங்கன ஒரு பள்ளம் கெடக்கு அண்ணாச்சி, இடது காலத் தள்ளி வைங்க" என்றார். பின்னால் நான் போனேன்.

முதல் தண்ணீர் தோளில் விழுந்ததும் குணா குனிந்தான். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பிறகு மெல்ல நிமிர்ந்து, இன்னும் ஓரடி உள்ளே போய், நடு அருவியில் தலையைக் கொடுத்தான். வாயைத் திறந்து ஏதோ கத்தினான். அவனுக்கே கேட்டிருக்காது. காவலர் முழுக்க நனைந்தபடி அவன் பக்கத்திலேயே நின்றார்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். குணா வெளியே வருவதாக இல்லை. வரிசையில் நின்ற ஓர் இளவட்டம் பொறுமையிழந்து கத்தினான்: "அண்ணாச்சி, போதும் வாங்க! மத்தவங்க குளிக்க வேண்டாமா?" இன்னொருவர், "நீங்க மட்டும் குத்தகைக்கா எடுத்திருக்கிய?" என்றார்.

வெளியே வந்து துவட்டிக்கொள்ளும்போது குணாவின் பல் கிடுகிடுவென அடித்தது. முகமெல்லாம் சிரிப்பு. "திட்டினாங்கடா, கேட்டியா? 'பாவம், இருந்துட்டுப் போகட்டும்'னு ஒருத்தர்கூடச் சொல்லல." அதை மூன்று முறை சொன்னான். பேச்சியக்காவுக்கு நன்றி சொல்ல அவன் தேடியபோது வேன் கிளம்பிவிட்டிருந்தது. காவலர் ஈர உடுப்போடு எங்களுக்குத் தேநீர் வாங்கித் தந்தார். காசை வாங்க மறுத்துவிட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சீவலப்பேரிக்குப் பக்கத்து ஊரில் அம்மன் கோயில் கொடை, எங்கள் பக்கத்து வருடத் திருவிழா. என்னோடு பள்ளியில் படித்த சுடலைமுத்து அந்த ஊர்க்காரன், நெல்லும் வாழையும் போடுகிறான், அவன்தான் கூப்பிட்டிருந்தான். நெல்லையிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். இறங்கும்போதே வில்லுப்பாட்டு ஒலிபெருக்கியில் கேட்டது. மத்தியானக் கொடைக்குக் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது.

பாட்டுக்குத் தலைமை மாரிச்செல்வி என்ற பெண். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். ஆள் நீளத்துக்கும் அதிகமான வில், அதில் கட்டிய மணிகள், கோலால் நாணை அவர் அடிக்க, பக்கத்தில் ஒருவர் பானையின் வாயில் தட்ட, மற்றவர்கள் ஒவ்வொரு வரிக்கும் "ஆமா!" போட, கதை ஓடியது. இடைவேளையில் குணா, வில்லைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டான்.

"செருப்பக் கழத்திட்டு வாங்க அண்ணாச்சி" என்றார் மாரிச்செல்வி. "நல்லாத் தொட்டுப் பாருங்க. மணிய மட்டும் எண்ணி வச்சிருக்கேன், கழத்திட்டுப் போயிராதீய."

இந்த முனையிலிருந்து அந்த முனைவரை குணா வில்லைத் தடவிப் பார்த்தான். கோலை வாங்கி ஒரு முறை அடித்தான், மணிகள் குலுங்கின. எந்த ஊர், என்ன வேலை என்று அவர் விசாரித்துக்கொண்டார். பாட்டு மறுபடி தொடங்கியதும், கதைக்குள் நுழைவதற்கு முன் ஒரு வணக்கம் பாடினார்:

"தருமபுரிச் சீமையிலே சரித்திரம் சொல்லுகிற வாத்தியாரு..."

"ஆமா!"

"தாமிரபரணி தண்ணியிலே தல நனைக்க வந்தாரு..."

"ஆமா!"

ஊரே திரும்பி எங்களைப் பார்த்தது. குணா நிமிர்ந்து உட்கார்ந்தான். நான் குனிந்துகொண்டேன். கண் கலங்கியதை அக்கம்பக்கம் பார்த்துவிடுமே என்றுதான்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதங்களும் நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்தால் அருவியை மூடிவிடுவார்கள், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். மாலைக்குள் கீழே இறங்கிவிட வேண்டும். மலை மேல் இருக்கும் மாஞ்சோலைக்குத் தனியாக வனத்துறை அனுமதி வேண்டும். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கீழே வந்துவிட்ட பிறகு அங்கே முன்பு போலக் கடையோ சாப்பாடோ இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஆற்றில் எங்கே இறங்குவதானாலும் உள்ளூர்க்காரர் ஒருவரைக் கேளுங்கள். மேலே அணையில் தண்ணீர் திறந்தால் படித்துறையில் சட்டென்று ஏறும், மணல் அள்ளிய பள்ளங்களும் உண்டு. கொடைக்கு அழைப்பிதழ் தேவையில்லை. சாப்பிடாமல் மட்டும் திரும்ப விடமாட்டார்கள். பார்வையற்ற நண்பரோடு போகிறவர்கள் அருவிக்கு வார நாளில், காலையில் போங்கள். முடியாது என்று யாராவது சொன்னால் உடனே திரும்பிவிடாதீர்கள். நின்று பேசுங்கள். பக்கத்தில் யாராவது கூடப் பேசுவார்கள். எங்கள் ஊரைப் பற்றி அந்த அளவுக்கு என்னால் உறுதி கொடுக்க முடியும்.

சொல்ல விட்டுப்போனது ஒன்று. கொடைச் சாப்பாடு முடிந்து சாயங்காலம் சுடலைமுத்து எங்களைச் சிற்றாறு வந்து கலக்கும் துறைக்கு அழைத்துப் போனான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு குணா ஆற்றுக்குள் இறங்கினான். கரையில் என் கையிலிருந்த அவனுடைய போன் அடித்தது. அவன் அம்மா. தண்ணீருக்குப் பயந்து மகனைக் கிணற்றடிக்குக்கூட விடாமல் வளர்த்தவர் என்பது எனக்குத் தெரியும். எடுத்த பிறகுதான் உறைத்தது: ஆற்றில் நிற்பதைச் சொல்லாதே என்று சைகை செய்தால் அவனுக்குத் தெரியாது, வாய்விட்டுச் சொன்னால் அம்மாவுக்குக் கேட்டுவிடும். வேறு வழியில்லாமல் நானும் தண்ணீருக்குள் இறங்கி, ஸ்பீக்கரைப் போட்டுப் போனை அவன் காதருகே பிடித்தேன்.

"எங்கடா இருக்க? ஒரே இரைச்சலா இருக்கு."

"ஆத்துக்குள்ள நிக்கறேம்மா."

"எவ்வளவு தண்ணி?"

"இடுப்புக்கு."

சுடலைமுத்துவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடைசியில் அம்மாவின் குரல் வந்தது.

"சாயங்காலத் தண்ணி, சளி பிடிச்சிக்கும். வெளிய வந்ததும் தலையை நல்லாத் துவட்டு."

"சரிம்மா" என்றான் குணா. போன் வைக்கப்பட்டதும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு முழுக்குப் போட்டான்.