சஹனில் நீளாத கை

வலக்கை நடுவிரலின் நகத்தோரம் ஒரு மிளகு ஒட்டியிருந்தது. மாத்தளையில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிறவனுக்கு அது புதினமில்லை. தட்டிவிட்டேன், விழவில்லை. நகத்தால் கிள்ளினேன், வலித்தது. மிளகுக்கு வலிக்காது என்பது அப்போதுதான் உறைத்தது.

அதுதான் முதல் பாலுண்ணி (தோலில் முளைக்கும் சொரசொரப்பான சிறு கட்டி). இதைப் படிக்கிற உங்களில் சிலருக்கும் இப்படித்தான் தொடங்கியிருக்கும். காய்ச்சல் இல்லை, படுக்கை இல்லை. இதெல்லாம் ஒரு வருத்தமா என்று நானும் தள்ளிவைத்தேன்.

தள்ளிவைத்ததோடு நின்றிருக்கலாம். என் கைக்கு அந்தப் பொறுமை கிடையாது. பல்லால் கடித்தேன். சவர அலகால் சீவினேன். வெற்றிலைச் சுண்ணாம்பை வைத்துக் கட்டினேன். தோல் வெந்து, ஆறி, பொருக்கு உதிர்ந்தபோது பக்கத்து விரல்களிலும் அதே மிளகுகள் இருந்தன.

"கைய வெச்சிக்கிட்டு சும்மா இருக்கேலாதா ஒங்களுக்கு? டொக்டருக்கிட்ட காட்டுங்க" என்றாள் மனைவி ரிஸானா.

"பாலுண்ணிக்குப் போய் டொக்டரா? ஆக்கள் சிரிப்பாங்க."

யாரும் சிரிக்கவில்லை. பள்ளிவாசலில் ஒரு கந்தூரி விருந்து நடந்தது. எங்கள் வழக்கப்படி ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தோம். சஹன் என்பது எல்லோரும் ஒன்றாகக் கைவைத்துச் சாப்பிடும் பெரிய தட்டு. சோற்றை அவரவர் தம் பக்கத்திலிருந்து எடுப்போம். நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்துப் பிய்த்து அடுத்தவர் பக்கம் தள்ளிவைப்பது மரியாதை. நானும் ஒரு துண்டை அருகில் இருந்தவருக்குப் பிய்த்து வைத்தேன். அவர் என் விரல்களைப் பார்த்தார். பிறகு, "வயிறு நெறஞ்சிட்டு" என்று எழும்பிக் கைகழுவப் போய்விட்டார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருடைய இடத்தில் நானும் எழும்பியிருப்பேனோ என்னவோ. ஆனால் அந்தத் துண்டு கடைசிவரை அங்கேயே கிடந்தது. அதற்குப் பிறகு எந்தச் சஹனிலும் நான் உட்காரவில்லை.

இந்த நேரத்தில்தான் என் மகள் ஹம்னாவுக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் கபூர் ஹாஜியார் தம்புள்ளையில் மொத்த மரக்கறி வியாபாரி. பேசி முடிக்க எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பேச்சு நன்றாகத்தான் முடிந்தது. பகல் சாப்பாட்டுக்குப் பாய் விரித்துச் சஹன் வைத்தோம். ஹாஜியார் தன் பக்கத்தில் எனக்கு இடம்விட்டு உட்கார்ந்தார். சம்பந்திகள் இருவரும் ஒரே சஹனில் கைவைப்பதுதான் அன்றைய சாப்பாட்டின் பொருளே.

நான் நின்றுகொண்டிருந்தேன். கை தானாக முதுகுக்குப் பின்னால் போனது. "வயிறு செரியில்ல, நீங்க சாப்பிடுங்க ஹாஜியார்" என்றேன். சொல்லிவிட்டுச் சும்மா இருந்தேனா? வீட்டுக்காரன் பட்டினி கிடக்கிறானே என்று அவர்கள் சங்கடப்படக் கூடாதாம். அதனால் தனித்தட்டில் கொஞ்சம் சோறு போட்டு, மூலைக் கதிரையில் உட்கார்ந்து கரண்டியால் சாப்பிட்டேன்.

ஹாஜியார் என் கரண்டியைப் பார்த்தார். ஒரு பிடி சோறு மட்டும் சாப்பிட்டுவிட்டு எழும்பிக் கைகழுவினார். போகும்போது ஸலாம் சொன்னார், முகம் பார்க்கவில்லை.

பிறகு தம்புள்ளையிலிருந்து அழைப்பு வரவில்லை. நான் எடுத்தாலும் பதில் இல்லை. கடைசியில் கலியாணப் புரோக்கர்தான் வந்து விஷயத்தைச் சொன்னார்: "என்ன வேல பாத்தீங்க நீங்க? மரக்கறிக் கடைக்காரனோட ஒரு சஹன்ல குந்த அவருக்கு மனசில்ல போல எண்டு ஹாஜியார் செல்றாரு."

அடுத்த அறையிலிருந்து ஹம்னா கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று முழுக்க அவள் அழுதாள். நான் அவளருகே போகவில்லை. அந்தக் கையால் அவள் தலையைத் தடவவும் எனக்குப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்கின் வாங்கில் நான் உட்கார்ந்தது அதற்குப் பிறகுதான். டொக்டர் ஒரு சிங்களப் பெண், நன்றாகத் தமிழ் பேசினார். உள்ளே போனதும் மருந்தைப் பற்றிக் கேட்காமல், "ஒரே தட்டுல சாப்பிட்டா இது ஒட்டுமா?" என்றுதான் கேட்டேன்.

"சாப்பாட்டால பரவுற நோய் இல்ல இது. தோலோட தோல் உரசினா பரவலாம், காயம் வெடிப்பு இருந்தா கூடுதலா. அப்பவும் எல்லாருக்கும் வாறதில்ல" என்றவர், என் நகங்களைப் புரட்டிப் பார்த்தார். "மத்த வெரல்களுக்குப் பரப்பினது நீங்கதான். கடிப்பீங்களா?"

பள்ளிக்கூடப் பிள்ளைபோல் தலையாட்டினேன்.

அமில மருந்து பூசினேன். பிறகு திரவ நைதரசன் (மிகக் கடுங்குளிரான திரவம், பாலுண்ணியை உறையவைத்து உதிர்க்கும்) வைத்தார்கள். சில உதிர்ந்தன. நகத்தைச் சுற்றியவை அசையவில்லை. கண்டியில் லேசர் செய்யும் ஓரிடத்துக்கு அந்த டொக்டரே அனுப்பினார்.

லேசர் என்பது ஒரே புள்ளியில் குவித்த ஒளி. அதன் சூட்டில் பாலுண்ணியின் தசை ஆவியாகிவிடும். வலிக்காது என்று உங்களிடம் யாராவது சொன்னால் பாதிதான் நம்புங்கள். விரலின் அடியில் போடும் விறைப்பு ஊசி (அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் ஊசி) கண்ணீரை வரவழைத்தது. பிறகு வலி ஒன்றுமே தெரியவில்லை. என் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டார்கள். ஒரு குழாய் புகையை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அதையும் மீறி ஹஜ்ஜுப் பெருநாளில் ஆட்டுத்தலை வாட்டும் மணம் வந்தது. அது என் மணம்தான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"தெரியிறத எரிச்சிட்டோம். சுத்தியுள்ள தோல்ல வைரஸ் (நுண்கிருமி) மிச்சமிருந்தா திரும்ப வரலாம். காயம் ஆறுற வரைக்கும் கையை நனைக்காதீங்க" என்றார் அங்கிருந்த டொக்டர். திரும்ப வரலாம் என்பதைப் பஸ்ஸில் மாத்தளை வரைக்கும் மென்றுகொண்டே வந்தேன்.

நாலு விரலும் கட்டுக்குள் இருந்தன. தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளூச் செய்யும்போது கட்டின் மேல் ஈரக் கையால் தடவிக்கொண்டேன். சாப்பாடுதான் பெரும்பாடு. இடக்கையால் சாப்பிட மனம் வரவில்லை. ஹம்னா தட்டைக் கொண்டுவந்து முன்னால் உட்கார்ந்தாள். ஊட்டினாள். கோபத்தில் உருட்டிய பிடிகள், ஒவ்வொன்றும் பெரிதாக இருந்தது.

"வாப்பா, கையில வருத்தம் எண்டு ஒரு வார்த்த செல்லியிருந்தா என்ன?"

"அருவருப்பாங்க மகள்."

"நான் அருவருத்தேனா?"

வாயிலிருந்த சோற்றை விழுங்கிவிட்டு அடுத்த பிடிக்கு வாயைத் திறந்தேன்.

அடுத்த நாளே தம்புள்ளைக்குப் பஸ் ஏறினேன். லொறிகளுக்கும் போஞ்சி மூட்டைகளுக்கும் நடுவில் ஹாஜியார் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் போய்க் கட்டுப் போட்ட கையை அவர் முன்னால் நீட்டினேன். கந்தூரியிலிருந்து கண்டி வரைக்கும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"இதச் செல்ல இவ்வளவு நாளா?" என்றார். பிறகு கட்டைப் பார்த்தபடி, "இது ஒட்டுமா?" என்றார்.

டொக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஹாஜியார் சரிந்திருந்த ஒரு போஞ்சி மூட்டையை நிமிர்த்தி வைத்தார்.

"நிக்காஹ் நடக்கட்டும். புள்ளைகள் என்ன செஞ்சிச்சி?"

சாப்பாட்டைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் மன்னித்துவிட்டார், ஆனால் பயந்துவிட்டார். மன்னிப்பையும் பயத்தையும் ஒன்றாக வாங்கிக்கொண்டு வருவது இலேசான காரியமில்லை.

நிக்காஹ் அன்று பெண் வீட்டுக்காரன் என்ற சாக்கில் ஓடியாடி விருந்தைக் கவனித்தேன், எங்கும் உட்காரவில்லை. அடுத்த நாள் தம்புள்ளையில் வலீமா (மாப்பிள்ளை வீட்டு விருந்து). அங்கே ஓடுவதற்கு எனக்கு வேலையில்லை. காயங்கள் ஆறி ரோஸ் நிறத்தில் புதுத்தோல் வந்திருந்தது. ஆனால் அன்று காலை ஸுபஹுத் தொழுகைக்குப் பிறகு, மோதிர விரலோரத்தில் பெருவிரலுக்கு ஏதோ சொரசொரப்பாகத் தட்டுப்பட்டது.

ஹாஜியார் என்னைத் தேடிவந்து சஹனுக்குக் கூட்டிப்போனார். பக்கத்தில் உட்காரவைத்தார். நான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு அவர் காதருகே சொன்னேன்: "ஹாஜியார், ஒரு எடத்துல திரும்பச் சொரசொரண்டு ஈக்கி. செல்லாம இருக்க ஏலல்ல."

அவர் என் கையைப் பார்த்தார். சுற்றியிருந்தவர்கள் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். பிறகு பிஸ்மில்லாஹ் சொல்லி, ஒரு துண்டு இறைச்சியைப் பிய்த்து என் பக்கம் வைத்தார்.

வழக்கப்படி நானும் அவருக்கு வைக்க வேண்டும். வைத்தேன். அவர் யாரோடோ தக்காளி விலை பேசிக்கொண்டே சாப்பிட்டார். நான் வைத்த துண்டைச் சுற்றிச் சோறு குறைந்துகொண்டே வந்தது. துண்டு அப்படியே இருந்தது. எனக்குக் கந்தூரி ஞாபகம் வந்தது.

பேச்சை நிறுத்தாமலே அவர் அதை எடுத்து வாயில் போட்டார். மென்றார். "உப்பு கொஞ்சம் கூடிட்டு" என்றார்.

அந்தச் சொரசொரப்பு பாலுண்ணிதான். மறுபடி கண்டிக்குப் போய் எரித்தேன். இன்னும் வருமா என்று தெரியாது. லேசர் பட்ட ஒரு நகம் அடியில் பள்ளத்தோடு வளர்கிறது. நாட்காட்டியைவிட அதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். பள்ளம் நுனிக்கு வந்து வெட்டிப்போட்ட பிறகுதான் இந்த வருஷம் எனக்கு முடியும். கையைப் பற்றி நினைக்காமலே கையைப் பாவித்த காலம் போய்விட்டது.

கடையில் இப்போதும் விரலில் மிளகு ஒட்டும். உடனே தட்டுவதில்லை. கொஞ்சம் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தட்டுகிறேன். விழுந்தால் அல்ஹம்துலில்லாஹ்.