கூத்தையாவும் ரேடியோ பல்பும்

வாலிநோக்கத்து உப்பள முதலாளி பால்சாமியிடம் பன்னிரண்டு வருஷம் கார் ஓட்டியவர் கூத்தையா. கார் கொழும்பிலிருந்து வந்த பழசு. அதற்குள் ஒரு ரேடியோ. காருக்குள் பாட்டுக் கேட்டவர்களை அந்தக் காலத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த ரேடியோவைக் கூத்தையா ஒருநாளும் தொட்டதில்லை. தொட்டால் முதலாளி கையை ஒடித்துவிடுவார்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் பேட்டரி அடிக்கடி செத்துப்போக ஆரம்பித்தது. காலையில் முதலாளி ஏறி உட்காருவார். வண்டி உறுமக்கூடச் செய்யாது. உப்பளத்து ஆட்கள் வந்து தள்ளுவார்கள். அத்தனை பேர் முன்னாலும் ஒருநாள் கேட்டுவிட்டார்.

“ஏலே, நான் எறங்கிப் போனதும் உள்ள உக்காந்து பாட்டுக் கேக்குறியா?”

“சத்தியமா இல்லய்யா.”

“பெறகு பேட்டரியப் பேயா தின்னுச்சு? இன்னொரு தடவ வண்டி நின்னுச்சு, சாவியக் குடுத்துட்டுப் போயிரு.”

செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கினால் எப்படி இருக்கும் என்று வாங்கியவனைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு மத்தியானம், முதலாளி இறங்கிப் போனபின் கூத்தையா வண்டியைத் துடைத்தார். ரேடியோப் பெட்டி சுட்டது. வண்டியை நிறுத்தியும் ரேடியோ அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது. அட, சண்டாளா! அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. ரேடியோ முகப்பில் எரியும் குட்டி பல்பு எப்போதோ அவிந்துபோயிருந்தது. முதலாளி சத்தத்தைக் குறைப்பதோடு சரி, ‘டக்’கென்று அணையும்வரை குமிழைத் திருப்புவதில்லை. வெளிச்சம் இருந்தவரைக்கும் கண்ணில் பட்டது, அணைத்தார். இப்போது எதைப் பார்த்து அணைப்பார்? கடல் காற்றின் இரைச்சலில் பெட்டியின் முனகல் யார் காதில் விழும்?

‘தப்பு உங்க மேலதான்’ என்று முதலாளியிடம் எவன் போய்ச் சொல்வது? ராமநாதபுரத்தில் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் வாவு முகம்மதுவிடம் அதே அளவில் ஒரு பல்பு வாங்கி வந்தார். குமிழ்களைப் பிடுங்கி, முகப்பைக் கழற்றி, பச்சை பூத்துக் கிடந்த ஹோல்டரை உப்புத்தாளால் தேய்த்துப் பல்பை மாட்டினார். இனி தானாகவே தெரிந்துவிடும், நம் பேரும் தப்பிக்கும் என்று நினைத்தார்.

மறுநாள் திருப்புல்லாணிக் கோயிலுக்குப் பயணம். கூடவே முதலாளியின் சம்மந்தி செல்லச்சாமி. கோயில் வாசலில் முதலாளி வழக்கம்போல் சத்தத்தைக் குறைத்துவிட்டு இறங்கினார்.

“சம்மந்தி, ரேடியோவ அணைக்காமப் போறீகளே! வெளக்கு எரியுதுல்ல?” என்றார் செல்லச்சாமி.

கூத்தையா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பாழும் வாய், கேட்டால்தானே!

“தெனமும் இப்பிடித்தான் அய்யா விட்டுட்டுப் போறாக. பழி மட்டும் எம்மேல.”

சம்மந்தி விழுந்து விழுந்து சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. வீடு வந்ததும் கையை நீட்டினார்.

“சாவி.”

ஊருக்குள் என்ன சொன்னார் என்கிறீர்கள்? பாட்டுக் கேட்டே பேட்டரியைத் தின்ற பயல் என்றுதான். ஆறு மாதம் கூத்தையாவை எவனும் வண்டிப் பக்கம் சேர்க்கவில்லை. பன்னிரண்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை உப்பு மூட்டை தூக்கியது. கடைசியில் ராமநாதபுரத்தில் டாக்சி விட்டுக்கொண்டிருந்த சதக்கத்துல்லாவிடம் போய் நின்றார்.

“ஏப்பா, பாட்டுக் கேட்டு பேட்டரிய எறக்குன ஆளு நீதானா?”

நடந்ததைச் சொன்னால், முதலாளியைச் சபையில் காட்டிக்கொடுத்தவன் என்றாகும். அதற்கும் வேலை கிடைக்காது.

“நான்தான் மொதலாளி” என்றார் கூத்தையா. “இனிமே கேக்கமாட்டேன்.”