தூங்காத சாமி

என் தம்பியை மூன்று வருஷம் ஊரே சாமி என்று கும்பிட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது. அவன் சாமியும் இல்லை, சாமியாரும் இல்லை. ஐஸ் என்று சொல்கிறார்களே, அந்தப் போதையைப் புகைத்துக்கொண்டிருந்தான். தூக்கம் போய், பசி போய், எலும்பும் தோலுமாக மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். வேறு ஊராக இருந்தால் பைத்தியம் என்றாவது சொல்லி டாக்டரிடம் இழுத்துப் போயிருப்பார்கள். திருவண்ணாமலையில் தேங்காய் உடைத்தார்கள்.

1989இல் அப்பா கீழ்பென்னாத்தூர் நிலத்தில் பாதியை விற்றுவிட்டு, செங்கம் ரோட்டுப் பக்கம் வீடும் வாடகைக்கு நாலு ரூமும் கட்டினார். நான் அப்போது பத்தாவது, தம்பி மூன்றாவது. வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கிய அந்த ரூம்களில்தான் அவன் வளர்ந்தான். நான் இலக்கணம் படித்து மூச்சு முட்டிய இங்கிலீஷ், அவனுக்கு விளையாட்டாகவே வந்தது. காலேஜைப் பாதியில் விட்டான். வந்தவர்களுக்கு வாடகை ஸ்கூட்டர் பிடித்துக் கொடுப்பான், ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுப்பான். அப்பா போன பிறகு அவனைக் கேட்க ஆளில்லை. நான் கல்யாணமாகி டவுனில் இருந்தேன். ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர்.

2002 வாக்கில், ஒரு சீசனில் கோவாவிலிருந்து வந்து மாடி ரூமில் தங்கியவன்தான் அவனுக்கு அதைக் கொடுத்தான். "இத போட்டா டயர்டே ஆவாதுன்னான்க்கா" என்று தம்பி ரொம்ப நாள் கழித்துச் சொன்னான். முதலில் இரண்டு மூன்று நாள் தூங்காமல் வேலை செய்தான். நாலு ரூமுக்கும் ஒரே மூச்சில் வெள்ளையடித்தான். அம்மாவுக்குப் பூரிப்பு. ஒருநாள் அவன் சட்டைப் பையில், ஃபிலிம் ரோல் டப்பாவுக்குள், பளபளவென்று துண்டு துண்டாக எதையோ பார்த்தாள். கோயிலில் கொடுத்த கற்கண்டு என்று நினைத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். அவன் அதைத் தேடி வீட்டையே புரட்டிப் போட்டிருக்கிறான். கடைசியில் பூஜை அறையில் கண்டெடுத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதானாம். "எம்புள்ளைக்கு எவ்ளோ பக்தி பாத்தியா" என்றாள் அம்மா என்னிடம்.

அதற்குப் பிறகு தாடி வளர்ந்தது. வேலையெல்லாம் நின்றது. வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். பௌர்ணமிக்குக் கிரிவலம் போகிற கூட்டம் அந்த வழியாகத்தான் போகும். "சாப்ட்டு அஞ்சு நாளாவுதுங்க. கண்ணே மூட மாட்டாரு" என்று அம்மாவே நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். பெற்ற பிள்ளை 'அவரு' ஆகிவிட்டான். அவன் உளறியதை வைத்து ஒருத்தர் மகளுக்குக் கல்யாணத் தேதி குறித்தார். பல்லெல்லாம் கறுத்து உடைந்ததை, உடம்பைத் துறந்துவிட்டார் என்றார்கள். பக்தர்களோடு பக்தராகக் கோவாக்காரனின் கூட்டாளிகளும் வந்து போனார்கள். டப்பா காலியாகவே இல்லை.

2005இல் ஒரு மத்தியானம் கல்லை எடுத்து ஒரு அம்மாவின் நெற்றியில் அடித்தான். தன்னைப் பிடிக்க ஆள் வருகிறது, மரத்துக்குள் ஒயர் வைத்திருக்கிறார்கள் என்று கத்திக்கொண்டிருந்தானாம். நான் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மா ரத்தம் வழிய வழியக் கைகூப்பி நின்றார். சாமி கையால் அடி வாங்கியது பாக்கியமாம். பக்கத்தில் நின்றவர்கள், நமக்கு விழவில்லையே என்று ஏங்கினார்கள். எனக்கு வாயில் என்னென்னவோ வந்தது. அத்தனையும் கத்தித் தீர்த்தேன். நானும் என் வீட்டுக்காரரும் அவனை ஒரு வேனில் தூக்கிப் போட்டு வேலூருக்குக் கொண்டுபோனோம். "சாமி குத்தம்டி, நீ நல்லாருக்க மாட்ட" என்று அம்மா மண்ணை வாரித் தூற்றினாள்.

அங்கே ஒரு லேடி டாக்டர். "எத்தனை நாளா தூங்கல?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. மூன்று வருஷமாக எல்லோரும் அவன் தூங்காததைப் பெருமையாகச் சொன்னார்கள். அதை நோயாகக் கேட்டது அவர் ஒருத்தர்தான். அட்மிட் செய்த பிறகு நாலு நாள் அடித்துப் போட்டது போலத் தூங்கினான். எழுந்ததும் அகோரப் பசி. அதோடு சரியாகிவிட்டது என்று கிளம்பப் பார்த்தேன்.

"இனிமேதாம்மா கஷ்டம். இத நிறுத்த தனியா மாத்திரை கெடையாது. தூக்கம், சாப்பாடு, பேச்சு, வேலை. மாசக்கணக்குல எதுலயும் சந்தோஷமே வராது அவருக்கு. திரும்பவும் போட்டுட்டா வெரட்டாதீங்க, இங்க கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர்.

அவர் சொன்னபடியேதான் ஆயிற்று. திரும்பி வந்தவன் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். அவன் தன் வாயாலேயே, "நான் சாமி இல்லைங்க, போதை போட்டவன்" என்று வந்தவர்களிடம் சொன்னான். "சாமி நம்மள சோதிக்கிறாரு" என்று இன்னும் கெட்டியாகக் காலைப் பிடித்தார்கள். அடுத்த சீசனில் அம்மாவே மாலையோடு மரத்தடியில் உட்கார வைத்தாள். பத்தே நாளில் பழையபடி ஆனான். மறுபடியும் வேலூர். மூன்றாவது முறை நான் போகவில்லை. அவனே பஸ் ஏறிப் போய் அட்மிட் ஆகி, அங்கிருந்து எனக்குப் போன் செய்தான். அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

வீட்டுக்கு அனுப்பவில்லை. கீழ்பென்னாத்தூரில் ஒரு கடலை எண்ணெய் மில்லில் சேர்த்துவிட்டேன். மாசம் ஒரு தடவை வேலூர் போய் டாக்டரைப் பார்த்து வந்தான். ஒரு வருஷத்தில் கன்னம் உப்பி, சின்னதாகத் தொப்பையும் போட்டான். "குண்டாயிட்டாருங்க, சக்தி போயிடிச்சி" என்று, மில் வாசல் வரைக்கும் தேடி வந்த கூட்டம் கலைந்து போனது. நான் கத்தியும் அவனே உண்மையைச் சொல்லியும் விரட்ட முடியாதவர்களை ஒரு தொப்பை விரட்டியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மில்லுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். அம்மாவைத் திட்டிக்கொண்டே பரிமாறினேன். பெற்றவளே பிள்ளையைக் காட்சிப் பொருளாக்கினாள், மூளை எங்கே போனது என்று பொரிந்து தள்ளினேன்.

"அம்மாவ விடுக்கா. நீயும்தான வந்த" என்றான்.

இதை நான் என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியும் எனக்குக் குழந்தை இல்லை. ஒருநாள் எட்டாம் வகுப்புக்கு நரம்பு மண்டலம் பாடம் நடத்திவிட்டு, சாயங்காலம் நேராக அந்த மரத்தடிக்குப் போனேன். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து என் தம்பி காலில் விழுந்து, எனக்கு எப்போது என்று கேட்டேன்.

"அன்னைக்கு நீ தனியா வந்தியா, என்ன ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போக்கானு சொல்லத்தான் வாய தொறந்தேன். அதுக்குள்ள நீ குனிஞ்சுட்ட" என்றான்.

நான் அவனை வேனில் ஏற்றியது அதற்கு ஒரு வருஷம் கழித்து.